முடிச்சு போட்டவன் யார்

இப்போதெல்லாம் எது கெட்டுப்போனாலும் "யார் மேலயும் தப்பில்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். டாக்டர்களுக்கு அது இன்னும் வசதி.

என் மகள் கார்குழலிக்கு மறுபடியும் கரு கலைந்தது. அவள் மாமனார் பக்கிரி, பிள்ளைச்சாவடி மீன் ஏலத்தில் நாலு பேர் நடுவே, "ஆகாத வயித்த எங்க தலையில கட்டிட்டான்" என்றான். அன்றிலிருந்து அவன் எதிரே வந்தால் துப்பிவிட்டுத்தான் நடக்கிறேன். கலைந்த கருவை டவுன் ஆஸ்பத்திரியில் சோதனைக்குக் கொடுத்திருந்தார்கள். குறை அவன் பிள்ளை செம்மலிடம்தான் என்று டாக்டர் வாயால் வரட்டும்; ஊர்க்கூட்டத்தில் பக்கிரியை என் மகள் காலில் விழ வைக்க வேண்டும். அதற்காகத்தான் முடிவு கேட்க மகள், மாப்பிள்ளையோடு நானும் போனேன்.

டாக்டர் ஜெயம் சின்னப் பெண்தான். பொறுமையாகச் சொன்னாள்.

"செல்லு ரெண்டாப் பிரியறப்ப, உள்ள இருக்கிற ஒவ்வொரு குரோமோசோம் மேலயும் புரதங்க கூடி ஒரு பிடி கட்டும். நூலு வந்து அந்தப் பிடியில மாட்டி ரெண்டு பக்கமும் இழுக்கும். கடைசிப் பிடி மாட்டற வரைக்கும் எல்லாம் காத்திருக்கும்."

"எங்க கரைவலை மாதிரி. முடிச்செல்லாம் பாத்து, குரல் குடுத்தப்புறம்தான் இழுப்போம்."

"அதேதான் பெரியவரே. இதுல ஒரு பிடி சரியா அமையல. ஒரு குரோமோசோம் கூடுதலாப் போயிடுச்சு. அப்படிப்பட்ட கரு பெரும்பாலும் நிக்காது."

"முடிச்சு அவுந்தா, அதப் போட்டவன் அன்னிக்கு வலையில கை வைக்கக் கூடாது. எங்க ஊரு வழக்கம். இதப் போட்டவன் யாரு? மாப்ள பக்கந்தானே?"

"போட்டவன்னு யாரும் கிடையாது. ரெண்டு பேரு ரத்தமும் நல்லாத்தான் இருக்கு. எந்தப் பக்கம்னு இந்த டெஸ்ட்ல தெரியாது."

தெரியாதாம். இதைச் சொல்ல இத்தனை படிப்பு.

வெளியே வந்ததும் செம்மலை நிறுத்தினேன். "உங்கப்பனைக் கூட்டத்துக்கு வரச் சொல்லு. உன் பக்கந்தான் கோளாறுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்கன்னு சொல்லப்போறேன்."

அவன் வண்டிச் சாவியைத் தேடினான். கார்குழலிதான் பேசினாள்.

"சொல்லு. அவரு என் வயித்த ஏலம் விட்டாரு, நீயும் விடு. யாரு வெல கூட்டிக் கேக்கறாங்கன்னு ஊரு பாக்கட்டும். ஆனா நானும் வருவேன்பா. நீ சொல்றது பொய்யின்னு அங்கியே சொல்லுவேன்."

செம்மல் வண்டியை எடுத்தான். பின்னால் ஏறி, அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

பெற்ற மகள் எதிரே நிற்கிற கூட்டத்தில் நான் எந்த வாயால் பேசுவது? கூட்டம் வேண்டாம். ஆனால் பக்கிரி எதிரே வந்தால் துப்பத்தான் போகிறேன்.

முத்தியால்பேட்டை வழியாக நடந்தே வந்தேன். எத்தனையோ வருஷம் கயிறு இழுத்தாயிற்று. போட்ட ஆள் இல்லாமல் அவிழ்ந்த முடிச்சை நான் பார்த்ததே இல்லை.