வெயில் நிறுத்தம்

கைப்பையில் ஸ்க்ரூடிரைவரோடுதான் லொரெட்டா அந்த விழாவுக்கே போனாள். கூட்டம் கலைந்ததும் நாலு திருகையும் கழற்றி, நினைவுப் பலகையைக் காரில் போட்டுக்கொண்டு போய்விடுவது என்று முடிவு. எழுபத்தொரு வயதில் திருட்டா என்றால், ஆமாம், திருட்டுதான்.

பின்னே என்ன? ஹார்லன் க்ரீக்கின் பழைய பேஸ்பால் மைதானம் சூப்பர் மார்க்கெட்டாகி இருபது வருஷம் ஆகிறது. சின்ன லீக் அணிகூட ஊரைவிட்டுப் போயாயிற்று. இப்போது பலகை வைக்கிறார்களாம். அதில் போய், 'மைதானத்தைத் திசை மாற்றிக் கட்டியவர் ஆர்வில் ப்ரூக்னர்' என்று பித்தளையில் பொறிக்க வேண்டுமா? ஆர்வில் அவளுடைய அப்பா. பாவம், இடம் பார்க்கக் காலையில் வந்தார். பந்தடிப்பவன் நிற்கப்போகும் இடத்தில் நின்றார், வெயில் முதுகில் விழுந்தது, பேஷ் என்று அங்கேயே முளை அடித்துவிட்டார். ஆட்டமெல்லாம் சாயங்காலம் என்பது மண்டையில் ஏறவே இல்லை! அப்புறம் தினமும் பந்தடிப்பவன் கண்ணில் சூரியன். நடுவர் ஆட்டத்தை நிறுத்துவார். சூரியன் இறங்கும்வரை இருபது நிமிஷம் ஊரே சும்மா உட்கார்ந்திருக்கும். அப்பாவைச் சாகும்வரை கிண்டலடித்தார்கள்.

துணியை விலக்கிப் பலகையை வாசித்தவர் அந்தக் கால நடுவர் டூயி. கூட்டம் சிரித்தது. லொரெட்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"செத்தும் எங்கப்பாவை விடமாட்டீங்களா?" என்று கத்தியேவிட்டாள்.

"அட, எப்படி விடறது?" என்றார் டூயி. "அந்த இருபது நிமிஷம் இல்லேன்னா நான் மேபல்கிட்ட பேசியிருப்பேனா? வேர்க்கடலை வாங்கிக் குடுக்கற சாக்குல போனேன்."

"எனக்குக் கடலையே ஆகாது," என்றாள் அவர் மனைவி மேபல். "மூணு பொட்டலம் தின்னேன், இந்த மனுஷனுக்காக."

"நாங்களும் அப்படித்தான்!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "நாங்களும்!" என்றது இன்னொன்று. லொரெட்டா எண்ணிப் பார்த்தாள். ஏழு ஜோடி.

"பேரைப் போடலேன்னா யாருக்கு நன்றி சொல்றது, லொரெட்டா?" என்றார் டூயி.

எல்லாரும் போனபின் லொரெட்டா ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். இடது மூலைத் திருகு லேசாக ஆடியது. இந்த ஊரில் ஒருத்தனுக்கும் ஒரு வேலை ஒழுங்காக வராது என்று முணுமுணுத்துக்கொண்டே, அதை நன்றாக முறுக்கி இறுக்கினாள்.