வலது பக்கத்துப் பத்தி

பத்ரிநாத் சோபாவில் ஒருக்களித்துப் படுத்தான். அவன் படுத்ததைப் பார்த்து செல்போன் திரையும் படுத்துக்கொண்டது. அதுவரை ஒடுங்கி நின்ற பக்கம் அகலமாக விரிந்தது. நேற்று சாயங்காலம் முழுக்க அவன் பக்தியோடு படித்த கார் ரிப்பேர் மேனுவலில், வலது பக்கம் இன்னொரு பத்தி இருந்தது.

பக்கத்துக்கு இரண்டு பத்தி. எழுத்து எறும்பு சைஸ். இவன் இரண்டு விரலால் பெரிதாக்கிக்கொண்டு, இடது பத்தியை மட்டும் மேலிருந்து கீழே தள்ளித் தள்ளிப் படித்திருக்கிறான். அதாவது மேனுவலில் சரிபாதி.

இடது பத்தி இப்படி முடிந்தது: ‘சக்கர நட்டுகளை விரலால் இறுக்கவும். ஜாக்கியை இறக்கவும்.’

வலது பத்தி கறுப்புக் கட்டத்துக்குள் தொடங்கியது: ‘சக்கரம் தரையில் ஊன்றியபின் நட்டுகளை ஸ்பேனரால் முழுப் பலத்தோடு இறுக்கவும். தவறினால் ஓட்டத்தில் சக்கரம் கழலும்.’

நேற்றே ஒரு சந்தேகம் வந்ததுதான். வெறும் விரல் போதுமா? ஆனால் மேனுவல் எழுதியவர்கள் இன்ஜினியர்கள். பத்ரிநாத்தும் இன்ஜினியர்தான், பேங்க் ஆப்பில் பட்டனின் நிறத்தை மாற்றுகிற இன்ஜினியர். தெரிந்தவர்கள் சொன்னால் சரியாக இருக்கும் என்று கழற்றி மாட்டிய முன் சக்கரத்தை வீல் கேப்பைப் போட்டு மூடிவிட்டு, அடுத்த பக்கத்து இடது பத்திக்குப் போய்விட்டான். பிரேக் ஆயில் பார்ப்பது எப்படி என்று அங்கே அருமையாக எழுதியிருந்தது.

இப்போது கார் வீட்டில் இல்லை. அனுஷா ஓட்டிக்கொண்டு போயிருக்கிறாள். பின்சீட்டில் எட்டு வயது அனன்யா. ஹெப்பகோடியில் ஓவியப் போட்டி. பொம்மனஹள்ளிச் சந்துகளைத் தாண்டி மேம்பாலத்தில் ஏறிவிட்டால் அனுஷா எண்பதுக்குக் குறையமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை, ரோடு துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். பெங்களூரில் டிராபிக் ஜாம் வேண்டும் என்று சாமியிடம் கேட்ட முதல் ஆள் அவனாகத்தான் இருக்கும்.

அனுஷாவுக்கு போன் போட்டான். இரண்டு முறை அடித்து, கட் ஆனது. மறுபடி போட்டான். ஒரே முறை, கட்.

கோபம். வேறென்ன? “பிரேக் கிறீச்சுங்குதுன்னா மெக்கானிக்கிட்ட விடு பத்ரி, உனக்கு எதுக்கு இந்த வேலை?” என்று நேற்று அவள் கேட்டாள். “படிச்சுட்டுத்தானே பண்றேன், இது என்ன ராக்கெட்டா?” என்று இவன் திருப்பிக் கேட்டான். அப்போதிலிருந்து இரண்டு பேருக்கும் அனன்யாதான் தபால்காரி.

ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி ஓடினான். கீழே எதிர் பிளாட் சுதீர் ஸ்கூட்டர் கழுவிக்கொண்டிருந்தான். ஆஸ்டின் டவுனில் பிறந்து வளர்ந்தவன். யாரைப் பார்த்தாலும் அவனுக்கு ‘குரு’தான்.

“என்னாச்சு குரு? கைல ஸ்பேனர், கால்ல செருப்பு இல்ல. யாரை அடிக்கப் போறே?”

“என்னையேதான். வண்டியை எடு, சொல்றேன்.”

சொல்லி முடிப்பதற்குள் சுதீர் நுரையோடு வண்டியைக் கிளப்பிவிட்டான். பத்ரிநாத் பின்சீட்டில் உட்கார்ந்து மறுபடி போன் போட்டான். கட். உடனே இங்கிலீஷில் ஒரு மெசேஜ் வந்தது: அப்பா, கால் பண்ணாதே. என் கேம் நின்னு நின்னு போகுது.

அனுஷாவின் போன் அனன்யா கையில். கோபமில்லை. கேம்!

அவனுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. திரும்பக் கூப்பிட்டான், திரும்பத் திரும்பக் கூப்பிட்டான். கடைசியில் குழந்தை எடுத்தாள்.

“அப்பா! லெவல் போச்சு!”

“கண்ணா, எங்க இருக்கீங்க?”

“பெட்ரோல் போட்டாச்சு. மேம்பாலம் தெரியுது.”

“போனை ஸ்பீக்கர்ல போடு. அம்மாகிட்ட பேசணும்.”

“ஓட்டும்போது அம்மாகிட்ட போன் குடுக்கக் கூடாதுன்னு நீதானே சொன்னே?”

“நான்தான் சொன்னேன். இன்னிக்கு மட்டும் போடு.”

“அப்புறம் என்னைத் திட்டுவே.”

“சத்தியமா திட்டமாட்டேன் தங்கம், போடு.”

காற்றின் இரைச்சல் கேட்டது. அதற்குள் அவன் மனசு வேகமாக ஓடியது. கத்தினால் அனுஷா பதறிப்போய் பிரேக்கை மிதிப்பாள். பிரேக்கை மிதித்தால் பாரம் மொத்தமும் முன் சக்கரத்துக்கு வரும். பர்ஸ் மறந்துவிட்டது, திரும்பி வா என்று பொய் சொல்லலாம். ‘அப்புறம் பாத்துக்கலாம்’ என்று போய்க்கொண்டே இருப்பாள்.

“என்ன பத்ரி?” அனுஷாவின் குரலில் இன்னும் நேற்றைய சூடு.

“அனு, நிதானமா கேளு. பிரேக்கை அழுத்தாதே. ஆக்ஸிலேட்டர்லேருந்து காலை எடு. இண்டிகேட்டர் போட்டு இடது ஓரமா போ.”

“ஏன்?”

முன்னால் சுதீரின் தோள்கூட அசையவில்லை.

“முன்பக்கம் இடது சக்கரத்தை நான் சரியா மாட்டல.”

இண்டிகேட்டர் டிக் டிக் என்றது. பின்னால் ஏதோ லாரி நீளமாக ஹாரன் அடித்தது. டக், டக் என்று இன்னொரு சத்தமும் கேட்டது. அது இண்டிகேட்டர் இல்லை. அனன்யா “அம்மா, ஸ்டியரிங் ஏன் ஆடுது?” என்றாள். டக் டக் மெதுவாகிக்கொண்டே வந்தது. டக். அப்புறம் டக். அப்புறம் ஹேண்ட் பிரேக் இழுக்கிற சத்தம்.

“நின்னாச்சு,” என்றாள் அனுஷா. குரலில் சூடு இல்லை. எதுவுமே இல்லை.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மேம்பாலம் ஏறுகிற இடத்துக்குச் சற்று முன்னால், பிளாட்பாரத்தில் அனுஷா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேனுவலில் வலது பத்தியைப் படிக்கவே இல்லை என்று சொல்லிக்கொண்டே பத்ரிநாத் வீல் கேப்பை நெம்பினான். இரண்டு நட்டுகள் கேப்போடு சேர்ந்து வந்து ரோட்டில் உருண்டன. மற்ற இரண்டும் கழன்று விழுகிற நிலையில் இருந்தன.

சுதீர் டிக்கியைத் திறந்து ஜாக்கியை எடுத்துப்போட்டு, காரைத் தூக்கினான். சக்கரத்தை நேராக உட்காரவைத்து நட்டுகளை விரலால் திருகிவிட்டு இறக்கினான். பத்ரிநாத் ஸ்பேனரை நட்டில் வைக்கப் பார்த்தான். வைத்த இடத்திலெல்லாம் வழுக்கியது.

அனுஷா எழுந்து வந்து ஸ்பேனரை வாங்கிக்கொண்டாள்.

“நீ படி. ரெண்டு பத்தியையும் படி.”

படித்தான். சத்தமாக, பள்ளிக்கூடப் பையன் மாதிரி. எதிரெதிர் நட்டு, முழுப் பலம். அவள் ஸ்பேனரில் ஒரு காலை வைத்து ஏறி நின்று மிதித்தாள். ஒவ்வொரு மிதியிலும் இவனைப் பார்த்தாள். அந்த மிதியில் சக்கரத்துக்கு எவ்வளவு, தனக்கு எவ்வளவு என்று கேட்கிற தைரியம் அவனுக்கு வரவில்லை.

“போட்டி ஆரம்பிச்சிருக்கும்மா,” என்றாள் அனன்யா.

அனுஷா சக்கரத்தை ஒரு உதை உதைத்துப் பார்த்தாள். “மேல வேண்டாம். கீழ் ரோட்லயே போலாம். ஏறு பத்ரி.”

“நீங்க போங்க. நான் ஸ்கூட்டர்ல கூடவே வரேன்.”

“டைட்டா இருக்கு குரு, நானே பாத்தேன்,” என்றான் சுதீர்.

“தெரியும். காருக்கு இடது பக்கமாவே ஓட்டு.”

கிளம்பினார்கள். பத்ரிநாத் பின்சீட்டில் ஒரு பக்கமாகச் சாய்ந்து அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். பஸ்காரன் ஒருவன் கன்னடத்தில் அவன் குடும்பத்தையே விசாரித்துவிட்டுப் போனான். கண்ணாடியை இறக்கி அனன்யா “அப்பா!” என்று கை காட்டினாள். அவன் நிமிரவில்லை, கையை மட்டும் தூக்கி ஆட்டினான். யாருக்காகவும் வேகத்தைக் குறைக்காத அனுஷா, காலி ரோட்டில், ஸ்கூட்டர் பின்தங்காத வேகத்தில் ஹெப்பகோடி வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனாள்.