ஜீரோ முனை

என் நாத்தனாரைக் கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் கட்டிக்கொடுத்தோம். அதுதான் நாங்கள் செய்த புத்திசாலித்தனம். எங்கள் மாடி ஜன்னலைத் திறந்தால் எதிரே பழைய மர டிப்போ இருந்த காலி மனை, அதற்கு அந்தப் பக்கம் ஒரு நேர்த் தெரு. தெரு கால்வாய்ச் சுவரில் போய் முட்டுகிற இடத்தில் மாப்பிள்ளை வீடு. மாப்பிள்ளை சர்வேயர், ஒரே பிள்ளை, மாமியார் அதிர்ந்து பேசாதவள். தங்கைக்கு இதைவிட என்ன வேண்டும் என்று என் வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார்.

ஒரு மத்தியானம் அவள் செருப்புகூட இல்லாமல் காலி மனையைத் தாண்டி ஓடி வந்தாள். இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது. கதவைத் திறந்துவிட்டது மாமியார்தானாம். "அவன் குளிச்சிட்டிருக்கான், ஓடிப் போயிடும்மா" என்று சொல்லிவிட்டு, மகன் காதில் விழாமலிருக்க ரேடியோவைச் சத்தமாக வைத்தாளாம். மகன் குளித்து முடித்து வந்து தாயை என்ன செய்தான் என்று எங்களுக்குத் தெரியாது. நாங்கள் கேட்கவும் இல்லை.

அவள் இருக்கும் இடத்திலிருந்து நூறு மீட்டருக்குள் அவன் வரக்கூடாது என்று கோர்ட் உத்தரவு போட்டது. வயதான தாயைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லாததால், வீட்டைக் காலி செய்யச் சொல்லவில்லை.

மறுநாளே அவன் தெருவோரத்தில் வந்து நின்றான். எங்கள் மாடி ஜன்னலுக்கு நேர் எதிரே, நடுவில் ஒரு மரம்கூட இல்லாத இடத்தில். காலையில் வேலைக்குப் போகும்போது கொஞ்ச நேரம், திரும்பும்போது கொஞ்ச நேரம். கத்தவில்லை, கையைக் காட்டவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பான், அவ்வளவுதான். உள்ளே இவள் கூலிக்குத் துணி தைத்துக்கொண்டிருப்பாள். கிழிந்த இடத்தில் ஒட்டுப் போடுவதற்குப் பதில் சட்டையின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்துத் தைத்துவிடுவாள்.

இன்ஸ்பெக்டர் வந்தார். அவன் சிரித்துக்கொண்டே தன் டேப்பைக் கொடுத்தான்.

"நீங்களே அளந்துக்குங்க சார். தெருவுல வேற எங்க நின்னாலும் இதைவிடத் தள்ளித்தான் இருப்பேன். இங்கதான் ரொம்பக் கிட்ட. செங்குத்தா விழற தூரம். நூத்தி ரெண்டு."

நூற்றிரண்டுதான் வந்தது. இன்ஸ்பெக்டர் எங்களிடம் வந்து கையை விரித்தார். அன்று சாயங்காலம் அவன் தான் நிற்கிற இடத்தில் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு பெருக்கல் குறி போட்டுவைத்தான். ஜன்னலைச் சாத்திப் பார்த்தோம். சாத்தின ஜன்னலையும் பார்த்துக்கொண்டு நின்றான். நாசமாய்ப் போகிறவன்.

ஒரு நாள் அவள் தன் அண்ணனிடம் நூறு மீட்டர் டேப் ஒன்று வாங்கி வரச் சொன்னாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள். எங்கள் முற்றத்தின் கோடியில், காலி மனையை ஒட்டித் தகரக் கூரை போட்ட சாமான் அறை ஒன்று உண்டு. அதன் வாசல்படியில் உட்கார்ந்து டேப்பின் ஜீரோ முனையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டாள்.

"அண்ணி, மறு முனையைத் தெருவுக்கு அந்தப் பக்கச் சுவர் வரைக்கும் இழுத்துக்கிட்டுப் போங்க. சுவரை ஒட்டியே நடங்க. சுவர்கிட்ட என்ன நம்பர் வருதுன்னு சத்தமாச் சொல்லுங்க."

நடந்தேன். நூறு, தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றேழு என்று குறைந்துகொண்டே வந்தது. தொண்ணூற்றாறில் கொஞ்சம் நின்றது. அப்புறம் மறுபடி ஏற ஆரம்பித்தது.

"ஏறுறதுக்கு முந்தி நின்னுச்சே, அதுதான் செங்குத்து. முதல் நூறு வந்த இடத்துலயும் கடைசி நூறு வந்த இடத்துலயும் சாக்பீஸால ஒரு கோடு போடுங்க."

இதையெல்லாம் எங்கே கற்றாய் என்று கேட்டேன். லீவு நாளில் அவன் தனியாக அளக்கப் போகும்போது இவளைத்தான் கூட்டிக்கொண்டு போவானாம். இவள் வேலை ஜீரோவைப் பிடித்துக்கொண்டு உட்காருவது. வெயிலில் கை வியர்த்து விரல் கொஞ்சம் நகர்ந்தால் வீட்டுக்கு வந்ததும் அந்த மணிக்கட்டில் அடி விழும்.

அன்றே தையல் மெஷினும் கட்டிலும் சாமான் அறைக்கு இறங்கின. இன்ஸ்பெக்டர் வந்து மறுபடி அளந்தார். இரண்டு சாக்பீஸ் கோட்டுக்கும் நடுவே தெரு முழுக்க அவனுக்கு அடைபட்டுப்போயிருந்தது. அவன் வீடோ அதைத் தாண்டி முட்டுச்சுவரில், போக வேறு வழியே கிடையாது. சர்வேயருக்குப் புள்ளி என்றால் நட்ட கல். அது எழுந்து பத்துத் தப்படி நடந்து வந்து உட்காரும் என்று அவன் கனவிலும் நினைத்திருக்க மாட்டான். திமிராக ஒரு தடவை தாண்டிப் பார்த்தான். லாக்கப்பில் உட்கார வைத்தார்கள், வேலையும் போய்விடும் என்றார்கள். அதற்கப்புறம் ஆபீஸ் பக்கம் ஒரு அறை எடுத்துத் தங்கினான். நானும் அவளும் வயிறு வலிக்கச் சிரித்தோம். மஞ்சள் குறிமேல் குப்பைக் கூடையைக் கவிழ்த்துவிட்டு வந்தேன்.

மழை முடிகிற சமயத்தில் அந்தத் தாய்க்குப் பக்கவாதம் வந்தது. அசைக்கவே கூடாது, ராத்திரி தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டு நர்ஸ் கூட இருந்தாள். வாய் கோணிப்போன நிலையிலும் மகனைத்தான் கேட்கிறாளாம்.

அவன் சாக்பீஸ் கோட்டுக்கு வெளியே நின்றான். அது மழையில் எப்போதோ அழிந்துவிட்டது, ஆனால் சர்வேயருக்குத் தெரியாதா. இன்ஸ்பெக்டர் எங்கள் முற்றத்துக்கு வந்தார்.

"உங்க நாத்தனார் மாடிக்குப் போயிட்டா தூரம் சரியாயிடும், நான் அவரை விட்டுடுவேன். இங்கயே உக்காந்திருந்தா என்னால முடியாது. கோர்ட்டு திறக்க இன்னும் ரெண்டு நாள் ஆகும்."

நான் சாமான் அறைக்குப் போனேன். அவள் ஒரு பள்ளிக்கூடச் சீருடைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள்.

"உன் மாமியார் கடைசியா மகனைப் பாக்கணும்னு கேக்கறாங்களாம்."

"கேட்டுச்சு அண்ணி."

"உன்னை ஓடிப்போன்னு கதவைத் திறந்துவிட்டவங்க."

"ஆமா. அத்தை ரொம்ப நல்லவங்க."

"அப்போ எழுந்திரு. ஒரு மணி நேரம் மாடியில போய் உக்காரு."

அவள் மெஷினை நிறுத்தினாள். இடது மணிக்கட்டைத் தடவிப் பார்த்தாள். அது இன்னும் முழுசாக நிமிராது.

"ஜீரோல இருந்து விரல் நகரக் கூடாதுன்னு சொல்லிக் கொடுத்ததே அவர்தான்."

மெஷின் மறுபடி ஓடியது. தெருவிலிருந்து அவன் அழுகிற சத்தம் கேட்டது. "பத்து மீட்டர்தான், தள்ளிப் போம்மா" என்று கையெடுத்துக் கும்பிட்டான். அவளை அவன் மரியாதையாகக் கூப்பிட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அந்த அறையில் நிற்கவே பயமாக இருந்தது, அவனை நினைத்து அல்ல.

இருட்டுவதற்கு முன் நர்ஸ் அந்த வீட்டு வாசலுக்கு வந்து, அவன் நின்ற பக்கம் பார்த்து, முடிந்துவிட்டது என்று தலையை ஆட்டினாள். அவன் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்தான்.

நாத்தனார் நூலை அறுத்தாள். காலரைப் புரட்டித் தையல் நேராக இருக்கிறதா என்று பார்த்து, சட்டையை மடித்து வைத்தாள். பிறகு எழுந்து விளக்கை அணைத்தாள்.

"நான் மாடிக்குப் போறேன் அண்ணி. இன்ஸ்பெக்டர்கிட்டச் சொல்லுங்க, இப்ப அவர் போகட்டும்."