பின்பக்கம் ஏறிய பாரம்

வயோமிங் சமவெளியில் நண்பகல் வெயிலில், டார்லா தன் பிக்கப் வண்டிக்குப் பின்னால் இழுத்து வந்த கேரவன் திடீரென்று இரண்டு பக்கமும் ஆடியது.

"பிரேக்க மிதிச்சுடாத டார்லா, கவுந்துரும்!" என்று கத்தினான் கணவன் வெண்டல்.

அவள் வேகத்தைத் தளர்த்தி, ஸ்டீயரிங் அருகே கேரவனின் பிரேக்குக்கென்று இருந்த பொத்தானை மட்டும் கையால் மெல்ல அழுத்தி, ஓரங்கட்டினாள்.

கேரவனைத் திறந்தார்கள். முன்பக்கம் கட்டி வைத்திருந்த தண்ணீர்க் கேன்கள் கடைசிச் சுவரோரம் வரிசையாக நின்றன. பாரம் பின்னால் போனதால்தான் அந்த ஆட்டம். கயிற்றை யாரோ அவிழ்த்துச் சுருட்டி வைத்திருந்தார்கள். உள்ளே ஆளில்லை.

"செத்துப்போன உங்கம்மா வேலையா இருக்கும்," என்றான். சொன்ன அவனுக்கே சிரிப்பு வரவில்லை.

"வாய மூடிக்கிட்டுத் தண்ணியக் கொட்டு."

எல்லாக் கேன்களும் காலியான பிறகும் கேரவனின் பின்பக்கம் தாழ்ந்தே இருந்தது. பிறகு அந்தத் தாழ்வு மெதுவாகக் கதவுப் பக்கம் நகர்ந்தது.

டார்லா ஓடிப்போய், கேரவனை வண்டியோடு பிணைத்திருந்த கொக்கியைக் கழற்றினாள். கேரவனை அங்கேயே விட்டுவிட்டுப் புறப்பட்டார்கள். ஊர் வரும்வரை இருவரும் பின்கண்ணாடியைப் பார்க்கவே இல்லை.