பொட்டு வைக்காத போட்டோ

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் பார்த்தேன்.

என் மகள் அனிதாவுக்கு ஏழு வயதில் ரத்தப் புற்றுநோய் வந்தது. எங்கள் ஊர் கல்லாவி. வைத்தியம் பெங்களூரில். அங்கே வாடகைக்கு வீடு எடுக்க எங்கள் நிலத்தில் விளையும் துவரை போதாது. பெங்களூர் போகும் வழியில், ஜூஜுவாடியில் ஒரு கம்பெனி நடத்திய இல்லத்தில் இலவசமாக அறை கிடைத்தது. எட்டு அறை, எட்டு நோய்ப்பிள்ளைகள். பக்கத்து ஊரான அத்திப்பள்ளிக்குப் போய் பஸ் பிடித்தால் ஆஸ்பத்திரி. அந்த அறை போனால் வைத்தியமும் போச்சு. இன்னும் ஐந்து மாத ஊசி பாக்கி இருந்தது.

இல்லத்தைப் பார்த்துக்கொள்ள கம்பெனி அனுப்பிய ஆபீசர் கமலக்கண்ணன். கம்பெனியில் ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு கார்டு தொங்குமாம். பெயர், நம்பர், வந்த தேதி, என்ன பழுது என்று அதில் எழுதியிருக்கும். அந்தப் பழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து, ஒவ்வொரு அறைக் கதவிலும் ஒரு கார்டு தொங்கவிட்டார். பிள்ளையின் போட்டோ, பெயர், வந்த தேதி, நோயின் பெயர். அனிதாவின் போட்டோவில் ரெட்டைச் சடை இருக்கும். கதவைத் திறக்கும்போதெல்லாம் அவள் தன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு அதைப் பார்ப்பாள். எனக்கு அந்தக் கார்டைக் கண்டாலே எரியும். ஒருமுறை கழற்றி வைத்தேன். கார்டு இல்லாமல் அறை இல்லை, வெளியே இருபது குடும்பம் காத்திருக்கிறது என்றார் கமலக்கண்ணன். திரும்ப மாட்டினேன்.

இரண்டாயிரத்து ஏழில் ஆயுத பூசை வந்தது. பதினோரு மணிக்குக் கம்பெனி முதலாளி வருகிறார் என்று விடிந்ததிலிருந்து ஒரே அமளி. தளி என்ற ஊரிலிருந்து கம்பெனி வேலைக்கு வரும் திம்மராயன், சந்தனக் கிண்ணமும் குங்குமமும் சாமந்திச் சரமுமாக வந்து சேர்ந்தார். கம்பெனியில் பொட்டு வைத்து முடித்துவிட்டு நேராக வருகிறாராம். விரல் இடுக்கில் மெஷின் கிரீஸ் அப்படியே இருந்தது. ஜெனரேட்டர், கிரைண்டர், தண்ணீர் மோட்டார், வேன் எல்லாவற்றுக்கும் பொட்டும் பூவும் வைத்தார்.

நான் அனிதாவைக் குளிப்பாட்டி, மூக்கையும் வாயையும் துணியால் மூடி வெளியே கூட்டி வந்தேன். அவள் கதவருகிலேயே நின்றுவிட்டாள். கார்டில், ரெட்டைச் சடை போட்ட என் பிள்ளையின் நெற்றியில் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். மேலே ஒரு முழம் சாமந்தி.

எங்கள் வீட்டில் பொட்டும் பூவும் வைத்த போட்டோ ஒன்றே ஒன்றுதான். இரண்டு வருடம் முன்பு செத்துப்போன என் மாமனாருடையது.

"அம்மா, தாத்தாவுக்கு வெச்ச மாதிரி எனக்கும் வெச்சுட்டாங்களா?" என்று கேட்டாள் அனிதா. அழவில்லை. பஸ் வந்துவிட்டதா என்று கேட்பதுபோலக் கேட்டாள்.

எட்டுக் கதவையும் பார்த்தேன். எட்டிலும் பொட்டு. மற்ற தாய்மார்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றார்கள். வெளியே இருபது குடும்பம் காத்திருப்பது எல்லோருக்கும் தெரியும்.

கூடத்துக்குப் போனேன். அங்கே சுவரில் முதலாளியின் படம், கண்ணாடி போட்டு, தேக்குச் சட்டத்தில். அதில் பொட்டு இல்லை. பூவும் இல்லை. திம்மராயன் கீழே உட்கார்ந்து வெள்ளைப் பூசணிக்காயில் குங்குமம் நிரப்பிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, இந்தப் படத்துக்கு ஏன் வெக்கல?"

"அதுக்கு வெக்கக் கூடாதும்மா. அவரு உசுரோட இருக்காரே."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. கை அப்படியே நின்றுவிட்டது. கார்டு தொங்குறது எதையும் விடாதேன்னு ஆபீசர் சொன்னாரும்மா என்று முனகினார். அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. கிண்ணத்தை எடுத்தேன். முதலாளியின் நெற்றியில் விரல் நிறையச் சந்தனம் அப்பினேன், மேலே குங்குமம் வைத்தேன். என் பிள்ளையின் சாமந்தியைக் கொண்டுவந்து அவர் சட்டத்தில் மாட்டினேன்.

கமலக்கண்ணன் ஓடி வந்தார். முகம் வெளுத்துவிட்டது. சாமந்தியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கைக்குட்டையை எடுத்துப் பொட்டை ஒரே இழுப்பில் துடைத்தார். கண்ணாடி அல்லவா, பளிச்சென்று ஆகிவிட்டது. வாசலில் கார் ஹாரன் அடித்தது. "வாயத் தொறந்தீன்னா இன்னைக்கே ரூமக் காலி பண்ணிக்க" என்றார் காதருகில்.

முதலாளி வந்தார். பூசணிக்காய் உடைத்தார்கள். பொரியும் கடலையும் கொடுத்தார்கள். எட்டுக் கதவையும் தாண்டித்தான் நடந்தார், எட்டுப் பொட்டும் அவர் கண்ணில் படவில்லை. என்னிடம் நின்று, இங்கே ஏதாவது குறை உண்டா என்று கேட்டார். நல்ல மனிதர் மாதிரிதான் கேட்டார்.

"ஒரு கொறையும் இல்லீங்க" என்றேன்.

கை கூப்பிக்கொண்டு சொன்னேன். அந்தக் கையை இப்போது நினைத்தாலும் அருவருப்பாக இருக்கிறது. ஐந்து மாத ஊசி பாக்கி, வேறு என்ன சொல்வேன்?

கார் போனதும் முந்தானையை நனைத்துக்கொண்டு கதவுக்கு ஓடினேன். என் பிள்ளையின் போட்டோவுக்குக் கண்ணாடி இல்லை. குங்குமம் காகிதத்தில் ஊறிவிட்டது. துடைக்கத் துடைக்க அனிதாவின் நெற்றி கிழிந்ததே தவிர, சிவப்பு போகவில்லை. பின்னால் நின்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கார்டைப் பிய்த்து, சுக்கலாகக் கிழித்து, சாக்கடையில் போட்டேன்.

மறுநாள் திம்மராயன் தலையைக் குனிந்துகொண்டு வந்தார். புது கார்டு போட வேண்டுமாம், ஆபீசர் இன்னொரு போட்டோ கேட்டாராம். இல்லை என்று சொன்னால் அறை இல்லை. பெட்டியைத் திறந்து, மிச்சமிருந்த ஒரே போட்டோவை எடுத்துக் கொடுத்தேன்.

"உங்க ஆபீசர்கிட்டச் சொல்லுங்கண்ணா" என்றேன். "இவளும் உசுரோடதான் இருக்கா. இதுக்கும் ஒரு கண்ணாடி போடச் சொல்லுங்க."