கெட்டிமேளத்துக்கு முன் ஒரு மூச்சு

என் மகள் கவிப்பிரியா நாகஸ்வரம் வாசிக்கிறாள் என்று சொன்னால் எங்கள் சொந்தக்காரர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு, "பொட்டப்புள்ளைக்கு இது எதுக்கு?" என்பார்கள். காரிமங்கலத்தில் ராகியும் தக்காளியும் போடுகிற குடும்பம் எங்களுடையது. எங்கள் வீட்டில் யாரும் திருவிழாப் பீப்பியைத் தவிர வேறெதையும் ஊதியதில்லை. இவள் தருமபுரிக்குப் பஸ் ஏறிப் போய் இசைப்பள்ளியில் கற்று வந்தாள். தவில்காரர் முருகேஷ் கேட்டுப் பார்த்துவிட்டுத் தன் செட்டில் சேர்த்துக்கொண்டார். சேலைக்குக் காலர் இருந்திருந்தால் நான் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்திருப்பேன்.

நல்லம்பள்ளியில் ஒரு கல்யாணத்தில் அந்தப் பெருமைக்குக் கண் பட்டது. ஐயர் தாலியை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுத்ததுமே கூட்டத்தில் யாரோ, "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று கத்தினார்கள். கவி நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து ஊதத் தொடங்கிவிட்டாள். அந்த நேரம் பார்த்துப் போட்டோக்காரர் குறுக்கே வந்து, "மாப்ள சார், தாலிய அப்புடியே புடிச்சிக்கிட்டு இங்க பாருங்க" என்றார். மாப்பிள்ளையும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். இவள் பதறிப் பதறி ஊதினாள். முடிச்சு விழுகிற நேரத்தில் மூச்சு தீர்ந்து இருமல் வந்துவிட்டது. என்னவோ ஏதோ என்று முருகேஷும் கையை நிறுத்திவிட்டார்.

தாலி ஏறும்போது தும்மலோ அழுகையோ அபசகுனமான பேச்சோ யார் காதிலும் விழக்கூடாது என்றுதானே கெட்டிமேளம்? அங்கே எல்லார் காதிலும் விழுந்தது என் மகளின் இருமல். பெண் வீட்டார் பேசிய பேச்சை நான் எழுத மாட்டேன். அந்தப் போட்டோக்காரரை மட்டும் ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

முருகேஷ் பஸ் ஸ்டாண்டில் வைத்துத் தன்மையாகத்தான் சொன்னார். "கொஞ்ச நாள் போவட்டும்மா. இன்னொருக்கா இப்பிடி ஆச்சுன்னா பாப்பாவ யாரும் கூப்புட மாட்டாங்க. எம் பொழப்பும் போயிரும்."

வயிறு நிறையாததால்தான் மூச்சு நிற்கவில்லை என்று நான் முடிவுகட்டினேன். மறுநாளிலிருந்து விடியற்காலையிலேயே ராகிக் களி கிண்டி, பெரிய பெரிய உருண்டையாக உருட்டி, கீரைக் கடைசலோடு அவளை விழுங்க வைத்துத்தான் பஸ் ஏற்றினேன். வேண்டாம் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். யார் கேட்டது?

இசைப்பள்ளியில் அப்போது பாடம் தொடங்கும் முன் யோகா வகுப்பு வைத்திருந்தார்கள். பாடுகிற பிள்ளைகள், தவில் பிள்ளைகள், இவள் என்று எல்லாரும் பாய் விரித்து உட்கார வேண்டும். சொல்லித் தருபவர் சிவக்குமார் என்று ஓர் இளைஞர். குனிந்து கால் கட்டைவிரலைத் தொடச் சொல்லியிருக்கிறார். இவள் குனிந்தாள். நான் ஊட்டிய களி முழுக்கப் பாயில் வந்துவிட்டது.

இனிமேல் வெறும் வயிற்றில்தான் வர வேண்டும் என்று அவர் சொல்லி அனுப்பியதும் எனக்கு வந்த கோபத்தில் அடுத்த பஸ்ஸிலேயே கிளம்பினேன்.

"எம் புள்ளையப் பட்டினி போட்டு ஊதச் சொல்றீங்களா? மூச்சு வுடறதுக்கு ஒரு வாத்தியாரு வேற! பொறந்ததுல இருந்து அவ மூச்சு வுட்டுக்கிட்டுத்தான இருக்கறா?"

சிவக்குமாருக்குக் கோபமே வரவில்லை. கோபம் வராதவர்களோடு சண்டை போடுவது எவ்வளவு கஷ்டம்!

"களி நல்லதுதாங்கக்கா. ஆனா வவுறு முழுக்கக் களி உக்காந்துக்கிட்டா மூச்சு எங்க போயி உக்காரும்? வகுப்பு முடிஞ்சு சாப்புடட்டும். டப்பாவுல போட்டுக் குடுங்க."

"அப்ப அவளுக்கு மூச்சு பத்தலைங்கறது நெசந்தான?"

"மூச்சு தாராளமா இருக்குதுங்க. யாரோ கத்துனதும் மொத்தத்தையும் அவசரத்துல செலவு பண்ணிருச்சு. அடுத்தவங்க அவசரம் நமக்குள்ள வரக்கூடாது. மூச்ச மெதுவா வுட்டுக்கிட்டு, கண்ண ஒரே எடத்துல வெக்கப் பழகுனாப் போதும். அதத்தான் சொல்லித் தர்றேன்."

சண்டை போடப் போன நான் டப்பா வாங்கிக்கொண்டு வீடு வந்தேன்.

கவி விடாமல் போனாள். மழையிலும் போனாள், மாதத் தீட்டு நாளிலும் போய் உட்கார்ந்து மூச்சுப் பயிற்சி மட்டும் செய்தாள். வீட்டில் அவள் வாசிப்பதைக் கேட்டபோது எனக்கே வித்தியாசம் தெரிந்தது. முன்பு ஒரு நீண்ட சுரத்தின் கடைசியில் வால் மாதிரி ஒரு நடுக்கம் இருக்கும். அது மெல்ல மெல்லக் காணாமல் போயிற்று. ஆனால் வீட்டில் வாசிப்பதை யார் கேட்கிறார்கள்? நல்லம்பள்ளிக் கதை ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் என் வீட்டுக்காரரின் அண்ணன் மாது மாமா மகள் கலைமதிக்குக் கல்யாணம் வந்தது. மாமா பத்திரிகையோடு வந்தவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "தப்பா எடுத்துக்காத மணி. மேளத்துக்குக் கிருஷ்ணகிரில சொல்லிட்டேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் அவரோடு வந்திருந்த கலைமதி, "எந் தங்கச்சி ஊதலைன்னா நான் மணையில உக்கார மாட்டேம்ப்பா" என்றாள். என் அருமைப் பெண்! மாமா கிருஷ்ணகிரிக்குப் போன் போட்டு வேண்டாம் என்றார். முருகேஷிடம் நானே போய்க் கேட்டேன். "சரிங்க, இதான் கடைசி" என்றார்.

முகூர்த்தத்தன்று நான் மணைக்குப் பக்கத்திலேயே கையில் அட்சதையோடு நின்றேன். சொந்தபந்தம் அத்தனையும் பெண்ணைப் பார்த்ததைவிட என் மகளைத்தான் பார்த்தது. கவி நிதானமாக ஒரு ராகத்தை இழைத்துக்கொண்டிருந்தாள். ஐயர் தாலியைக் கொடுத்தார். மாப்பிள்ளை கலைமதியின் கழுத்தருகே கொண்டுபோனார்.

நான் அட்சதையை இறுக்கிப் பிடித்தேன். அப்புறம் என்ன ஆனதென்று தெரியாது, மண்டபம் அதிர ஒரு குரல் கேட்டது. "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

குரல் என்னுடையது.

அதே நொடியில், "மாப்ள சார், ஒரு நிமிசம்!" என்று போட்டோக்காரர் பாய்ந்தார். மாப்பிள்ளையின் கை அந்தரத்தில் நின்றது. கூட்டம் என் குரலைப் பிடித்துக்கொண்டு கத்தியது, அட்சதை பறந்தது. முருகேஷ் கோலை ஓங்கிவிட்டு அவளைப் பார்த்தார்.

கவி அசையவில்லை. அதே ராகம், அதே நிதானம். அவள் கண் மாப்பிள்ளையின் விரல்களில் இருந்தது. தோள் ஏறவில்லை, கன்னம் பதறவில்லை. "ஊது புள்ள!" என்று மாது மாமா பல்லைக் கடித்தார். அவள் அவரையும் பார்க்கவில்லை. அவரைப் பகைத்துக்கொள்ள எங்கள் வீட்டில் யாருக்கும் தைரியம் கிடையாது.

போட்டோக்காரர் விலகினார். விரல்கள் மடங்கின. அப்போதுதான் அவள் தலையை ஒரு வெட்டு வெட்டினாள். நாகஸ்வரமும் தவிலும் சேர்ந்து எழுந்த எழுச்சியில் என் காது அடைத்தது. முதல் முடிச்சு, பிறகு நாத்தனார் போட்ட முடிச்சுகள், எல்லாம் முடிந்து கலைமதி நிமிரும் வரை அந்த ஒலியில் ஒரு பொட்டு குறையவில்லை. யாராவது இருமியிருந்தாலும் கடவுளுக்குக்கூடக் கேட்டிருக்காது. நான் அழுதுகொண்டிருந்தேன்.

முழக்கம் அடங்கியதும் மாது மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து உறுமினார். "எவ அவ, முன்னாடியே கத்துனது? நல்லவேளை, புள்ள கேக்கல!"

எல்லாரும் அவரவர் பக்கத்து ஆளைப் பார்த்தார்கள். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மண்டபத்தின் கடைசி வரிசை வரைக்கும் கேட்கட்டும் என்று சொன்னேன்.

"நாந்தாங்க மாமா கத்துனேன். பெத்தவ கத்தியே எம் பொண்ணு கேக்கல, பாத்தீங்களா!"