குவென்காவுக்குச் சும்மா போய் வந்தேன்

துபாயில் முதலாளி கூப்பிட்டுப் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்தால் இரண்டே அர்த்தம்தான். ஒன்று, இரண்டு வருஷத்துக்கு ஒருதரம் வருகிற லீவு. இல்லாவிட்டால் விசாவைக் கேன்சல் செய்து ஊருக்கு அனுப்புகிறார். நான் லீவு முடிந்து வந்து நாலு மாசம்கூட ஆகவில்லை. அதனால் யூசுப் பாய் மேசை இழுப்பறையைத் திறந்து என் பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டியபோது, கையிலிருந்த டீத்தட்டை எங்கே வைப்பது என்றே எனக்குத் தெரியவில்லை.

சத்வாவில் அவருடைய டிராவல்ஸ் ஆபீசில் நான் டீ போடுகிறவன். முகம்மது யூசுப் கீழக்கரைக்காரர். எனக்கு முதுகுளத்தூர்ப் பக்கம். ஒரே ஜில்லா என்பதால் அவர் என்னிடம் மரியாதை பார்த்துப் பேச மாட்டார்.

"இந்தா, டிக்கெட்டும் உள்ள இருக்கு. சும்மா போயிட்டு வா."

"எங்க பாய்?"

"குவென்கா."

"ஓமான் பக்கமா?"

டிக்கெட் போடுகிற விமல் சிரித்தான். மதுரைக்காரன். "தென்னமெரிக்கா, பெருசு. ஈக்வடார்னு ஒரு நாடு. இந்த வருஷம் யாருக்கும் விசா வேணாம்னுட்டாங்க. செலவு கம்மியான ஊரு, ஒருத்தனுக்கும் தெரியாது. அடுத்த சீசனுக்கு நாம பேக்கேஜ் போடப் போறோம்."

"அங்க எனக்கு என்ன வேலை?"

"ஒரு வேலையும் இல்ல" என்றார் பாய். "ஒரு வாரம் சுத்திப் பாரு. படிச்சவன அனுப்பினா எல்லாம் நல்லாருக்குன்னு வந்து சொல்லுவான். நாலாங்கிளாஸ் படிச்ச நீ போயிட்டுத் திரும்பி வந்துட்டேன்னு வையி, எவனும் போகலாம்."

"திரும்பி வரலேன்னா?"

"பேக்கேஜ் போட மாட்டோம்."

ரூமில் கிளிட்டஸிடம் சொன்னேன். குளச்சல்காரன், ஏசி மெக்கானிக். இருபது வருஷ வளைகுடா ஆள். டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"உமக்கு வயசு என்னவே?"

"அறுபது ஆகப் போகுது."

"விசா?"

"அடுத்த மாசம் முடியுது."

"பொறவென்ன. அறுபது ஆனவனுக்குத் திரும்ப விசா அடிக்க ஆயிரம் யோசிப்பாவ. நேரா ஊருக்குப் போன்னு சொல்ல வாய் வரல, அதான் சுத்தி விடுதாரு. வேலை இல்லாம ஒருத்தன் இன்னொருத்தனுக்கு டிக்கெட் எடுப்பானா?"

"திரும்பி வரவும் டிக்கெட் இருக்கே."

"இருக்கட்டும். ஒண்ணு மட்டும் கவனியும். வந்ததும் பாஸ்போர்ட்ட அவரு திரும்ப வாங்கி டிராயர்ல போட்டாருன்னா உமக்கு வேலை இருக்கு. வாங்கல, கலாஸ், முடிஞ்சுது."

போக மாட்டேன் என்றால் அதையே காரணமாக வைத்து விசாவைப் புதுப்பிக்காமல் விட்டுவிடலாம். போனால் போன இடத்தில் இருக்கும்போதே கேன்சல் செய்யலாம். எது மேல் என்று விளங்காமலேயே பெட்டி கட்டினேன். டியூட்டிச் சட்டை இரண்டு, டீ வடிகட்டி, பழைய கம்பெனியின் சர்டிபிகேட். எங்களுக்குத் தெரிந்து விசிட் விசா என்றால் வேலை தேடுவதுதான். விசிட்டில் வந்தவன் ஊர் பார்த்து நான் கண்டதில்லை.

விமானம் மாறி மாறி, கடைசியில் ஒரு சின்ன விமானத்தில் போய் இறங்கினேன். வாசலில் ஒருவன் என் பெயரை அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு நின்றான். வேலைக்கு ஆள் எடுக்க வந்தவன் என்று நினைத்தேன். பாஸ்போர்ட்டை வேட்டி மடியில் செருகுவது மாதிரி பேன்டுக்குள் இடுப்பில் செருகிக்கொண்டு பின்னாலேயே போனேன். அவன் என்னை ஒரு பழைய வீட்டு லாட்ஜில் விட்டுவிட்டுப் போய்விட்டான்.

லாட்ஜ்காரிக்கு டோலோரெஸ் என்று பெயர். இரட்டைச் சடை, தலையில் வெள்ளைத் தொப்பி. காப்பி கொடுத்தாள். குடித்துவிட்டு மாடிப்படி ஏறினால் மூச்சு இரைத்தது. காப்பியில் எதையோ கலந்துவிட்டாள் என்று மறுநாள் காப்பியை விட்டேன். மறுநாளும் இரைத்தது. அந்த ஊரே மலைமேல் உயரத்தில் இருக்கிறது, காற்று அப்படி. அதை விமல் சொல்லவில்லை.

காலையில் டியூட்டிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசல் நாற்காலியில் உட்கார்ந்தேன். கூட்டிப் போக ஒருவரும் வரவில்லை. டோலோரெஸ் தெருவைக் காட்டி ஏதோ சொன்னாள். விரட்டுகிறாள் என்று நினைத்து அசையாமல் இருந்தேன். அடுத்த நாளும் அதே கதை. சும்மா உட்கார்ந்து தின்றவனை எந்த ஊரில் விட்டு வைப்பார்கள்? எழுந்து அவள் அடுப்படிக்குள் போய்ப் பால் காய்ச்சினேன். வேலை இதுதானோ என்னவோ.

அவள் என் கையிலிருந்து வடிகட்டியைப் பிடுங்கி வைத்தாள். பிறகு மணிக்கட்டைப் பிடித்து, கண் தெரியாதவனை இழுப்பதுபோல ஆற்றங்கரைக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பக்கத்தில் தட்டினாள். உட்கார்ந்தேன். ஆற்றைக் காட்டினாள். கல்லுக்குக் கல் இடித்துத் தண்ணீர் ஓடியது. பெண்கள் துணி துவைத்துப் புல்லில் விரித்திருந்தார்கள். கூரைகளுக்கு மேலே ஒரு கோயிலின் நீலக் கும்பங்கள் தெரிந்தன. எல்லாவற்றையும் பார்த்தேன். இதற்கா ஒருவன் கடல் தாண்டி வருவான்? அவளிடம் கேட்கவும் பாஷை இல்லை.

சந்தைக்கும் கூட்டிப் போனாள். எலிக்குப் பெரியப்பன் மாதிரி ஒன்றை முழுசாகக் கம்பில் குத்திச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். வயலெலி தின்றவன்தான் நான். ஆனால் பல்லைக் காட்டிக்கொண்டு என்னைப் பார்ப்பதைத் தின்றதில்லை. சோறும் பீன்சும் வாங்கித் தின்றேன்.

மனசு கேட்காமல் ஒரு போன் கடையிலிருந்து ஆபீசுக்குப் போட்டேன். எடுத்தது விமல் இல்லை, பாயும் இல்லை. இந்தியில் யாரோ பேசினான். நீ யார் என்று கேட்டேன்.

"சாய்வாலா" என்றான். டீ போடுகிறவனாம்.

போனை வைத்துவிட்டேன். கிளிட்டஸ் சொன்னது பலித்துவிட்டது. மிச்ச நாளெல்லாம் அந்தப் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். லாட்ஜில் உட்கார்ந்தால் அந்தக் குரல்தான் காதில் கேட்டது. ஆற்றங்கரையில் தண்ணீர்ச் சத்தம் இருந்தது. எனக்கு யார் என்ன குழி வெட்டி வைத்திருக்கிறார்கள் என்று யோசித்து யோசித்து ஒன்றும் பிடிபடவில்லை. கிளம்பும்போது டோலோரெஸ் வடிகட்டியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். அவளாவது எதையாவது எடுத்திருப்பாள் என்று பெட்டியைக் கிளறினேன். எல்லாம் இருந்தது.

துபாய் ஏர்போர்ட்டில் விசாவைப் பார்த்து உள்ளே விட்டுவிட்டார்கள். நேரே ஆபீசுக்குப் போனேன். டீ அறையில் ஒரு நேபாளி என் கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"வந்துட்டியா" என்றார் பாய். "ஊரு எப்படி?"

"தெரியல பாய்."

"ஒரு வாரம் இருந்திருக்க, தெரியலங்கிற?"

"பாக்கச் சொன்னாங்க, பாத்தேன். எதுக்குன்னு விளங்கல."

"சாப்பாடு?" என்றான் விமல்.

"சோறு இருக்கு."

"எழுதிக்க" என்றார் பாய். "யாராச்சும் ஏமாத்துனாங்களா?"

"ஏமாத்துவாங்கன்னு பாத்துக்கிட்டேதான் இருந்தேன். ஒருத்தரும் ஏமாத்தல. அதான் சந்தேகமா இருக்கு."

விமல் மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தான். அதற்குள் வந்த ஒரு போனைப் பாய் எடுத்துவிட்டார். பாஸ்போர்ட்டைக் கேட்கவில்லை. நின்றேன். போன் முடிந்து இன்னொரு போன் வந்தது. அப்போதும் கேட்கவில்லை. என்னைப் பார்த்து, "ஏன் மரம் மாதிரி நிக்கிற?" என்றார்.

டீ அறைக்குள் போனேன். நேபாளியை ஒதுங்கச் சொல்லிவிட்டு நானே டீ போட்டேன். தட்டில் கிளாஸை வைத்தேன். பக்கத்தில் பாஸ்போர்ட்டையும் வைத்தேன். கொண்டுபோய்ப் பாய் முன்னால் நீட்டினேன். நீட்டிய வேகத்தில் பாஸ்போர்ட் மேல் டீ கொஞ்சம் சிந்தியது.

அவர் முதலில் டீயைத்தான் எடுத்தார். ஒரு வாய் குடித்தார். பிறகு பாஸ்போர்ட்டை எடுத்து, ஈரத்தைச் சட்டையில் துடைத்து விமலிடம் போட்டார். "நாளைக்கு டைப்பிங் சென்டர்ல குடு. இவன் விசா முடியுது, புதுசா அடிக்கணும். முடிஞ்சதும் என் டிராயர்ல போடு."

"அப்ப அந்த நேபாளி?" என்றேன்.

"நீ ஊர் சுத்தப் போயிட்டா இங்க உங்கப்பனா டீ போடுவாரு? ஒரு வாரத்துக்கு வந்தவன். நாளைக்குப் போயிருவான்." இன்னொரு வாய் குடித்தார். "சீனி தூக்கலா இருக்கு."

திரும்ப டீ அறைக்குப் போனேன். நேபாளி கையைத் துடைத்துக்கொண்டே எங்கே போயிருந்தாய் என்று இந்தியில் கேட்டான். தென்னமெரிக்கா என்றேன். அங்கே என்ன வேலை என்றான்.

வேலை ஒன்றும் இல்லை, முதலாளி சும்மா போய்ப் பார்க்கச் சொன்னார் என்றேன்.

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்ப மாட்டேன்.